செல்வி ரெபேக்காளின் பெஞ்சுகள்

அந்தக் கோயிலில் யார் போய் உட்கார்ந்தாலும் கண்ணுக்கு நேரே ரெபேக்காளின் பெயர்தான் இருக்கும். முன்னால் இருக்கும் பெஞ்சின் முதுகில், தேக்கில் ஆழமாகச் செதுக்கி, பள்ளத்துக்குள் கறுப்பு வார்னிஷ் ஓட்டி, ‘அன்பளிப்பு: செல்வி சா. ரெபேக்காள்’ என்று. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு உட்காரும் மூலை, ஒன்று பாக்கியில்லை. பிரசங்கம் இழுத்துக்கொண்டே போகிற ஞாயிறுகளில் சின்னப் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் எழுத்துப் படித்ததே ரெபேக்காளின் பெயரில்தான் என்று ஒரு கேலிகூட உண்டு.

ஐம்பத்தெட்டு வயசு. இன்னும் செல்வி. காகிதத்தில் இருந்தால் கிழித்துப் போடலாம். தம்பி மரவியாபாரி ஆயிற்றே, மரத்தில் அல்லவா வெட்டி வைத்திருக்கிறான்.

ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வெளியே வராத அளவுக்குத் தன் பெயரை எழுதி வைக்கிற ஜனங்கள் நாம். அப்படிப்பட்ட ஊரில், கோயிலுக்குக் கூரைச் சட்டம், கதவு, பெஞ்சு, பிரசங்க மேடை எல்லாம் கொடுத்துவிட்டுத் தன் பெயரை எங்கேயும் போடாமல் அக்காள் பெயரைப் போட்டானே ஸ்டான்லி, அவனை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. கூடப் பிறந்தவன் என்றால் இப்படி இருக்கணும் என்று அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். யாரும் ரெபேக்காளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எதற்காக அந்தப் பெயர் என்பதை இப்போதே சொல்லிவிடலாம், ஊரில் தெரியாதவர்கள் இல்லை.

கிறிஸ்தவக் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். ஐயர் என்றால் போதகர். தென்காசிப் பக்கத்து வேதக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் கேட்பதும் பேருக்குத்தான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். ரெபேக்காளின் மூன்றாம் ஓலையில் அப்படிப் போக முடியவில்லை. ஜெபஸ்டின் வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

வாத்தியார் அப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். ரெபேக்காளின் அப்பா சாமுவேல் தென்காசி மர டிப்போவில் லோடு ஏற்றுகிறவர். கமிட்டித் தேர்தலில் வாத்தியார் அணிக்கு ஓட்டுப் போடாமல் எதிர் அணிக்குப் போட்டார், அவர் செய்த குற்றம் அது. வாத்தியார் அதை மனதில் வைத்திருந்து, பெண்ணின் ஓலையில் எடுத்தார். இந்தப் பிள்ளைக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தபோது ஆய்க்குடி முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய் மொட்டை போட்டுத் திருநீறு பூசியிருக்கிறார்கள், சபை முன் இன்றுவரை மன்னிப்பு கேட்டு ஒப்புரவாகவில்லை, ஆகவே இந்த விவாகத்துக்குத் தடை உண்டு என்றார். இரண்டு நிமிஷம் பேசியிருப்பார். விசாரித்து முடிவு செய்வோம் என்று அன்றைய ஐயர் தள்ளிவைத்தார். பாளையங்கோட்டையில் இருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பலகாரத்தைத் தொடாமல் மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அப்பாவும் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று ஸ்டான்லி அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “நானும் ஒருநாள் எழும்புவேன்க்கா. அவன் வீட்டு ஓலைக்கு எழும்புவேன். நீ பாத்துக்கிட்டே இரி.”

அவனுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. அதே வருஷம் வாத்தியாரின் ஒரே மகனுக்கு ஓலை வாசித்தார்கள். ஸ்டான்லி வாயைத் திறக்கவில்லை. லோடுமேன் மகன் எழும்பினால் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். எழும்பினால் யாரும் உட்காரச் சொல்ல முடியாத ஆளாக ஆகிவிட்டு எழும்ப வேண்டும் என்று தீர்மானித்தான். அப்படியே ஆனான். செங்கோட்டை மில்லில் கட்டை புரட்டப் போனவன், கோடாலியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தே உள்ளே பொக்கை இருக்கிறதா என்று சொல்லப் பழகினான். ஆரியங்காவு டிப்போ ஏலத்துக்கு முதலாளியோடு போனவன், பிறகு முதலாளிக்கு எதிராக ஏலம் கேட்டான். இன்று செங்கோட்டை ரோட்டில் ஸ்டான்லி டிம்பர்ஸ் என்றால் மூன்று ரம்பம் ஓடுகிறது, தூத்துக்குடித் துறைமுகத்தில் இருந்து கண்டெய்னரில் கட்டை வருகிறது. பச்சை மரத்தை மட்டும் அவன் எந்த நாளும் அறுக்கமாட்டான். வாங்கிப் போட்டு, காய விட்டு, நேரம் பார்த்துத்தான் ரம்பத்தில் ஏற்றுவான். கோபத்தையும் அவன் அப்படித்தான் வைத்திருந்தான்.

கோயிலுக்கு மரம் கொடுக்க ஆரம்பித்ததும் அதற்காகத்தான். பக்தி என்று சொன்னவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்த சபைக்குப் பெஞ்சு வந்ததும், வாத்தியார் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, நடைக்கு அந்தப் பக்கம், பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் ரெபேக்காளுக்கு இடம் போட்டான். வாராவாரம் தென்காசியில் கட்டின தன் வீட்டில் இருந்து காரில் அழைத்து வருவான். “பட்டு கட்டுக்கா. அவன் நல்லாப் பாக்கட்டும்” என்பான்.

முதலில் ரெபேக்காளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் வந்து உட்கார்ந்ததும் வாத்தியாரின் தலை தாழும். பெஞ்சில் அவள் பெயர் மேல் கையை வைக்காமல் எழுந்திருக்க அவருக்கு வழியில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கை உப்பை எடுத்து அந்த மனுஷன் கண்ணில் போட்ட மாதிரி அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வருஷங்கள் போகப் போக அந்த ருசியும் போய்விட்டது. வாத்தியார் கிழவராகிவிட்டார், கண்ணும் மங்கிவிட்டது. பட்டு மட்டும் வாராவாரம் இடுப்பில் உறுத்தியது.

இந்த ஆனியில் வாத்தியாரின் பேத்தி சுஜிதாவுக்கு ஓலை வந்தது. தென்காசியில் பேங்க் வேலை, நல்ல பிள்ளை, எதிரில் பார்த்தால் ரெபேக்காளைப் பாட்டி என்று கூப்பிடாமல் ஆன்டி என்று கூப்பிடுகிற அளவுக்குக் கெட்டிக்காரி. முதல் ஓலை வாசித்தபோது ஸ்டான்லி சிரித்தான். இரண்டாம் ஓலை வாசித்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், பாட்டுக் கேட்கிற மாதிரி.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவன் செல்போனில் சுஜிதாவின் போட்டோ ஒன்றை எடுத்து அக்காள் முன்னால் வைத்தான். அவன் மனைவி ஜெஸி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ரெபேக்காள் மோர் கடைந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“பாத்தியாக்கா? நெத்தியில என்ன இருக்கு பாரு. திருநீறு. பக்கத்துல நிக்கது குழல்வாய்மொழின்னு கூட வேல பாக்குத பிள்ள. குற்றாலத்துல, கோயில்ல வச்சுக் கல்யாணம். போன தை மாசம்.”

“கூட்டாளி கல்யாணத்துக்குப் போயிருக்கா. யாராவது பூசிவிட்டுருப்பாவ.”

“ஒனக்கும் யாரோதான பூசிவிட்டாவ? ஆறு வயசுல நீயாவா ஆய்க்குடிக்கு நடந்து போன?”

“அதத்தாம்ல நானும் சொல்லுதேன். இந்தப் பிள்ள என்ன பண்ணுச்சு?”

“நீ என்ன பண்ணுன?”

அவன் சோற்றைப் பிசைந்தான். முகத்தில் கல்யாணக் களை.

“மாப்பிள வீட்டுக்காரங்க நாளைக்கி வாராங்க. எல்லாரும் இருக்கையில எழும்புதேன். இதே வார்த்த, இதே மொற. ஐயருக்கிட்ட சொல்லணும்னுகூட இல்ல. என்னைய உக்காருன்னு எவன் சொல்லுவான்? அவன் உக்காருத பெஞ்சே நம்மளுதுல்லா.”

“அந்தக் கெழவர் எண்பத்தி நாலு வயசுல கெடக்காரு. அவரு செத்தாலும் சாவாரு.”

“சாவட்டும். நம்ம அப்பா சாவலயா? எத்தன பொறுத்திருக்கேன் இந்த ஒரு நாளுக்கு! குற்றாலத்து வேல்சாமி அண்ணாச்சி வந்து கேட்டப்பகூட முடியாதுன்னு திருப்பி அனுப்புனேனே, எதுக்கு? நீ ஒருத்தன் வீட்டுக்குப் போயிட்டன்னா ஜெபஸ்டின் செஞ்சது ஒண்ணுமில்லன்னு ஆயிரும்லா. அதுக்குத்தான்.”

பெருமையாகத்தான் சொன்னான். தான் பட்ட பாட்டை அக்காள் அறியட்டும் என்று சொன்னான். ரெபேக்காளின் கை மோர்ச் செம்பில் அப்படியே நின்றது.

“அவரு கேட்டு வந்தாரா?”

“அப்பமே சொன்னேனேக்கா.”

“நீ சொன்னது, அவரு வேற எடம் பாத்துட்டாருன்னு.”

“அப்படியா சொன்னேன்?” ஸ்டான்லி கொஞ்சம் யோசித்தான். யோசித்துப் பார்த்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. “எப்படிச் சொன்னா என்ன? மோர ஊத்து.”

அவள் ஊற்றினாள். ஜெஸி தலையைக் குனிந்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இவளுக்கும் தெரிந்திருக்கிறது என்று ரெபேக்காளுக்கு அப்போது புரிந்தது.

வேல்சாமி அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில் பழக்கடை. முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள். ஓலை நின்ற இரண்டாம் வருஷம், ஒரு விசேஷ வீட்டில் ரெபேக்காளைத் தனியாகப் பார்த்து, “ஞானஸ்நானம் எடுக்கணும்னாலும் எடுத்துக்கிடுதேன். தம்பிகிட்ட வந்து கேக்கட்டா?” என்றான். ரெபேக்காள், “கேளுங்க” என்றாள். அவள் ஆயுசில் ஓர் ஆணுக்குச் சொன்ன சம்மதம் அது ஒன்றுதான். பிறகு ஆள் வரவில்லை. வேறு இடம் பார்த்துவிட்டான் என்று தம்பி சொன்னான். ஓலை நின்ற பெண் என்று தெரிந்துதானே கேட்டான், இப்போது என்ன வந்தது என்று அவள் அவனை ஏசாத நாள் இல்லை. அருவிக்குக் குளிக்கப் போனால்கூட அந்தக் கடைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாள்.

அன்று சாயந்திரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் இருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறினாள். சீசன் கூட்டம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஈரத்துண்டும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தது. நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொரிகிற வாசனைக்கு நடுவே வேல்சாமி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளைப் பார்த்ததும் கையில் இருந்த பழத்தைக் கீழே வைத்தார்.

“ரெபேக்காளா?”

“ஆமா. ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அன்னைக்கி நீங்க எந்தம்பிகிட்ட வந்து கேட்டியளா?”

“கேட்டேனே. மில்லுல வச்சு, ரெண்டு தடவ.”

“ரெண்டு தடவையா?”

“மொத தடவ, அடுத்த வருசம் வாங்கன்னாரு. போனேன். எங்கக்கா இப்படியே இருந்தாத்தான் அண்ணாச்சி அவனுக்கு உறைக்கும்னாரு. ஒங்களுக்கும் அதுல சம்மதந்தான்னாரு. பொறவு நான் என்னத்தச் செய்ய?”

ரெபேக்காள் கடைத்தூணைப் பிடித்துக்கொண்டாள். “எனக்குச் சம்மதம்னு சொன்னானா?”

“சத்தியமா.”

“நான் ஒங்கள இத்தன வருசமா ஏசிக்கிட்டுக் கெடந்தேன்.”

“நானுந்தான் ஒங்கள ஏசிக்கிட்டு இருந்தேன்” என்றார் வேல்சாமி. இருவருக்கும் சிரிப்பு வந்த மாதிரி இருந்து, வராமல் போய்விட்டது.

உள்ளே இருந்து அவர் மனைவி தங்கத்தாய் எட்டிப் பார்த்து யாரு என்று கேட்டாள். நமக்குச் சொந்தம்தான், மர டிப்போ ஸ்டான்லியோட அக்கா என்றார் வேல்சாமி. தங்கத்தாய் முகம் மலர்ந்து வெளியே வந்தாள். “கோயில் பெஞ்சுல பூராவும் பேரு போட்டிருக்காமே, அவியளா? சொல்லிக் கேட்டிருக்கேன். குடுத்து வச்ச மகராசி” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ரெபேக்காளுக்கு அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. உடம்பு கொதித்தது. வாத்தியார் அவள் வாழ்க்கையை ஒருமுறை உடைத்தார். அதன் பிறகு அது ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. ஒட்டவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் ஒரே வீட்டில் அவள் கையால் சோறு தின்றுகொண்டிருந்தான். அவனுக்குத்தான் வாராவாரம் பட்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். நாளைக்குச் சுஜிதாவின் ஓலை கெட்டுப்போகாமல் தடுப்பது பெரிய காரியமில்லை. காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் தம்பி அவளை விட்டுவிட்டுப் போகமாட்டான், அவள் பார்க்காமல் பழிவாங்க அவனுக்கு ருசிக்காது. ஆனால் அவனைத் தடுத்து விடுவது அவளுக்குப் போதவில்லை. அவனுக்கு வலிக்க வேண்டும். ஊர் பார்க்க வலிக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் அவள் வெள்ளை நூல்சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

“பட்டு கட்டலையாக்கா? இன்னைக்குப் போயி?”

“புழுங்குது” என்றாள்.

கோயில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமுமாகப் பிரிந்து நடுவரிசையில் இருந்தார்கள். சுஜிதா அம்மாவின் அருகே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், கல்யாணப் பெண்ணுக்கு உரிய வெட்கத்தோடு. நடைக்கு அந்தப் பக்கம் வாத்தியார் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். அவர் உதடு ஓயாமல் அசைந்தது. ஸ்டான்லி எதற்காகக் காத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவன் சட்டைப் பையில் கையை விட்டபடி முன்பெஞ்சின் ஓரத்தில் இருந்தான், சட்டென்று எழும்ப வசதியாக.

அறிவிப்புகள் முடிந்தன. ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “விவாக அறிவிப்பு. மூன்றாம் ஓலை” என்றார்.

ரெபேக்காள் எழுந்தாள்.

“ஐயரே, வாசிக்கதுக்கு முந்தி ஒரு வார்த்த.”

“ஆராதனை முடியட்டும்மா.”

“முடிஞ்ச பொறவு பேசி என்னத்துக்கு? இந்தப் பெஞ்செல்லாம் யாரு பேருல இருக்கு?”

ஐயர் ஸ்டான்லியைப் பார்த்தார். “உங்க பேருலதாம்மா.”

“என்னைய யாராவது கேட்டுப் போட்டியளா? கேக்கல. சரி, போட்டாச்சு. எம்பேருல இருந்தா எனக்குள்ளதுதான? எனக்குள்ளதுல இருந்து எல்லாரும் எழும்புங்க.”

ஒருவரும் அசையவில்லை. ஒரு குழந்தை மட்டும் என்னம்மா என்று கேட்டது. முதலில் எழும்பியது ஜெபஸ்டின் வாத்தியார். கைத்தடியை ஊன்றி, எதிரே இருந்த பெஞ்சைப் பிடிக்காமல் நிமிர்ந்தார். அவரைப் பார்த்து அவர் மகன் எழுந்தான், பிறகு சுஜிதா, பிறகு மாப்பிள்ளை வீட்டார், பிறகு சரசரவென்று சபை முழுக்க. கடைசியில் ஸ்டான்லி ஒருத்தன்தான் உட்கார்ந்திருந்தான்.

“எக்கா, என்ன பண்ணுத? உக்காரு” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீயும் எழும்புலே. எழும்பணும்னுதான வந்த?”

அவன் எழுந்தான். வேறு வழியில்லை.

ரெபேக்காள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

“என்னோட மூணாம் ஓலையில ஜெபஸ்டின் சார் எழும்புனாரு. ரெண்டு நிமிசம் பேசுனாரு. அதுக்கு நான் அவர இன்னைக்கு வரைக்கும் மன்னிக்கல, இனியும் மாட்டேன். ஆனா அதுக்குப் பொறவும் ஒரு மனுசன் என்னையக் கேட்டு வந்தாரு. ரெண்டு தடவ வந்தாரு. எந்தம்பி மில்லு வாசல்ல வச்சே திருப்பி அனுப்பிட்டான். எதுக்குன்னு கேளுங்க. நான் கன்னியாக் கெடந்தாத்தான் சாருக்கு உறைக்குமாம். சாருக்கு உறைக்கதுக்கு என்னைய வச்சு எரிச்சிருக்கான். எனக்கும் சம்மதம்னு வேற சொல்லியிருக்கான். நீங்கல்லாம் சாஞ்சு உக்காந்துருக்கியளே, அந்தப் பேரு எனக்குச் செஞ்ச மரியாத இல்ல. இவ வீடு வாசல் இல்லாதவன்னு எழுதி வச்ச போர்டு.”

“எக்கா!”

“இன்னும் முடியலலே. இன்னைக்கி இவன் இந்தப் பிள்ளையோட ஓலைக்கும் எழும்பப் போறான். இவன் பையில போனு இருக்கு. அதுல ஒரு போட்டோ இருக்கு. கூட்டாளி கல்யாணத்துல இந்தப் பிள்ள நெத்தியில யாரோ திருநீறு பூசியிருக்காவ, அதுதான் தடையாம். இந்து சொந்தக்காரங்க வீட்டு நல்லது பொல்லதுக்குப் போவாதவுங்க இங்கன யாரு இருக்கா?”

சுஜிதா முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் தோளில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, “எங்க பெரியண்ணன் வருசா வருசம் திருச்செந்தூருக்குக் காவடி எடுக்காரு. நாங்கதான் வழியனுப்புதோம்” என்றாள்.

“இப்ப வாசிங்க, ஐயரே” என்றாள் ரெபேக்காள். “எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம். எவன் தடைக்கு எழும்புதான்னு பாப்போம்.”

ஐயர் வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சொல்லி, ஆயுசில் முதல் தடவையாக, பதிலுக்குக் காத்திருந்தார். நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் ஸ்டான்லியைப் பார்த்தார்கள். பாதி வாழ்நாள் ஒத்திகை பார்த்த வார்த்தை அவன் தொண்டை வரை வந்திருக்கும். அவன் பையிலிருந்து கையை எடுத்தான். கை வெறுமனே வந்தது. பாடகர் குழு பாட்டை ஆரம்பித்தது. சபை அதையும் நின்றபடியே பாடி முடித்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வாத்தியார் அவளிடம் வந்தார். மகன் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தான்.

“தாயி, என்னைய மன்னிச்சிட்டன்னு…”

“நான் உள்ள சொன்னது கேக்கலையா சார்? மன்னிக்கல. ஒங்க பேத்தி என்னைய ஒண்ணும் செய்யல, அதனால விட்டேன். மன்னிப்ப நீங்க மேல இருக்கவருகிட்ட கேட்டுக்கிடுங்க. அவருக்கு அதுதான் வேல.”

கிழவர் தலையாட்டினார். அழுதாரா, சாரல்தானா என்று தெரியவில்லை. ரெபேக்காள் நின்று பார்க்கவில்லை.

மறுநாள் மில் ஆசாரி பாண்டியராஜை வரச்சொல்லி, எல்லாப் பெஞ்சிலும் பெயரை இழைத்து எடு என்றாள். முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன் என்று அவன் தலையைச் சொறிந்தான். “பேரு யாருதுலே?” என்று கேட்டாள். அவன் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போனான். ஆழமாக வெட்டின எழுத்து. ஒரு விரல் கனத்துக்கு மரம் போன பிறகுதான் மறைந்தது. செதுக்கினவனும் அவன்தான், எடுத்தவனும் அவன்தான்.

ஸ்டான்லி அதன் பிறகு ஊர்க்கோயிலுக்குப் போகவில்லை. கமிட்டிக்காரர்கள் இரண்டு முறை வந்து, பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறது, நீங்கள் இல்லாமல் எப்படி என்றார்கள். உடம்பு சரியில்லை என்று ஜெஸியை விட்டுச் சொல்லச் சொன்னான். மில்லுக்குப் போனால், ரம்பத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் ஏதோ பேசிச் சிரிப்பதாக அவனுக்குத் தோன்றியது. சுஜிதாவின் கல்யாணத்துக்கு ஊரே போனது. அன்று அவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான்.

வீட்டில்தான் அவனுக்குப் பெரிய கஷ்டம். முன்பெல்லாம் அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் சாப்பிடுவார்கள். இப்போது அவன் தட்டுக்கு முன் உட்கார்ந்ததும் ரெபேக்காள் ஒரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள். திட்டமாட்டாள், பழைய கதை எடுக்கமாட்டாள். சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வேளையும் அதே முகம். நரைத்த முடியும், பொட்டில்லாத நெற்றியும், ஒரு நாளும் தாலி ஏறாத கழுத்தும்.

ஆடி கடைசியில் அவன் வாயைத் திறந்தான். தட்டைப் பார்த்தபடியே பேசினான்.

“எக்கா, குற்றாலத்துல ஒரு வீடு பாத்திருக்கேன். நல்ல காத்து. ஒனக்குன்னு தனியா. ஆள் வச்சுத் தாரேன், கார் விட்டுத் தாரேன். நீ அங்கன நிம்மதியா இருந்துக்கோ.”

“எதுக்கு? இங்கன எனக்கு என்ன கொறச்சல்?”

“ஒனக்காகத்தான்க்கா சொல்லுதேன்.”

“எனக்காக நீ செஞ்சதெல்லாம் போதும்லே.”

அவன் குரல் உடைந்தது. “என்னால முடியல. ஒம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்கு. போயிருக்கா. ஒன் கால்ல விழுதேன்.”

ரெபேக்காளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. பல வருஷம் கழித்து அந்தப் பழைய குளிர்ச்சி, அதைவிடப் பெரிதாக.

“நான் எங்கயும் போறதா இல்ல. என்னையக் கெட்டிக் குடுக்காம இந்த வீட்டுலயே வச்சிக்கிட்டது நீதான. ஜெபஸ்டின் சாரு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பாத்தாரு. நீ தெனமும் பாரு.”

அவள் கரண்டியால் இன்னொரு துண்டு மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

“சாப்பிடு. தலையத் தூக்கி என்னையப் பாத்துச் சாப்பிடு.”